ஆப்பிள் கதைகளும் நம்ம பக்கத்துப் பழங்களும்: பறித்த பழம் கிளைக்குத் திரும்புமா?

ஜூன் 8

இந்த இணைய இழையில் கேள்வியை நேராக வைத்துவிடுகிறேன். உலகத்துக் கதைகளில் ஆப்பிள் இவ்வளவு இடத்தை எப்படிப் பிடித்தது? ஏதேன் தோட்டம், டிராய் போர், விஷ ஆப்பிள் கடித்த ராஜகுமாரி, மகன் தலையில் ஆப்பிளை வைத்து அம்பு விட்ட வில்லியம் டெல், நியூட்டன், கடைசியில் கைபேசியின் முதுகு வரைக்கும் அதுதான். நம்ம பழங்கதைகளில் ஒன்றில்கூட ஆப்பிள் கிடையாது. ஆனால் பழம் இல்லாமல் நம்ம கதைகளும் நகர்வதில்லை.

என் கட்சி: அங்கே ஆப்பிள் செய்கிற வேலையை இங்கே மாம்பழமும் நெல்லியும் செய்கின்றன. மறுப்பவர்கள் உதாரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 8, இரவு

நீங்களே முதலில் உதாரணம் காட்டுங்கள் என்று நெய்வேலிக்காரர் கேட்டிருக்கிறார். சரி.

கிரேக்கக் கதை. பீலியஸ், தீட்டிஸ் கல்யாணத்துக்கு எல்லாத் தெய்வங்களுக்கும் அழைப்பு போகிறது, சண்டைத் தெய்வமான ஏரிஸுக்கு மட்டும் இல்லை. அவள் 'பேரழகிக்கு' என்று எழுதிய ஒரு தங்க ஆப்பிளை விருந்தில் உருட்டிவிடுகிறாள். ஹீரா, அதீனா, அஃப்ரோடைட்டி மூவரும் எனக்குத்தான் என்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் வேலை பாரிஸ் என்ற டிராய் இளவரசன் தலையில் விழுகிறது. உலகத்திலேயே அழகான பெண்ணை உனக்குத் தருகிறேன் என்று சொல்லி அஃப்ரோடைட்டி பழத்தை வாங்கிக்கொள்கிறாள். அந்தப் பெண் ஹெலன். ஏற்கெனவே கல்யாணமானவள். பத்து வருஷப் போர், டிராய் எரிகிறது.

நம்ம கதை எல்லோருக்கும் தெரியும். நாரதர் கயிலைக்கு ஒரு மாம்பழம் கொண்டுவருகிறார். வெட்டக் கூடாது, பங்கு போடக் கூடாது. உலகத்தை முதலில் சுற்றி வருகிற பிள்ளைக்கு. முருகன் மயிலேறிப் போகிறான், பிள்ளையார் அப்பா அம்மாவைச் சுற்றி வாங்கிக்கொள்கிறார்.

இரண்டிலும் பழம் ஒன்று, கேட்பவர்கள் ஒன்றுக்கு மேல், பங்கிட வழியில்லை, கொண்டுவருபவர் கலகத்துக்குப் பேர்போனவர். ஆனால் நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பது நம்ம ஊர் வழக்கு. ஏரிஸின் கலகத்தில் ஊர் எரிந்தது. இங்கே கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன பிள்ளையால் பழனிக்குச் சாமி கிடைத்தது. பழம் கிடைக்காதவனையே ஞானப்பழம் என்று அழைத்துச் சமாதானம் சொல்கிறார்கள். 1965இல் வந்த திருவிளையாடல் படத்தில் ஔவையாக வந்து கே.பி. சுந்தராம்பாள் அதைப் பாடியதை எங்கள் வீட்டில் கேட்காத கிருத்திகை கிடையாது.

ஜூன் 9

நான் எதற்கு இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். பழத்தோடு வளர்ந்தவள் நான். அப்பா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் பழக்கடை வைத்திருந்தார். வாழை, கொய்யா, சாத்துக்குடி எல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். ஆப்பிள் மேல் வரிசையில், ஒவ்வொன்றும் தாள் சுற்றி. வாங்குகிறவர் பெரும்பாலும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர். தனக்கென்று ஆப்பிள் வாங்குகிறவரை அந்தக் கடையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்போதே கவனித்த ஒன்று உண்டு. மாம்பழம் வாங்க வந்தவர் சும்மா வாங்கிப் போக மாட்டார். எங்க ஊர்ல ஒரு மரம் இருந்துச்சு, ருமானி, கல்லால அடிச்சா பக்கத்து வீட்டுக் கூரைதான் உடையும் என்று ஏதாவது ஒரு கதை வரும். பலாச்சுளை வாங்குகிறவர் பண்ருட்டிதானே என்று கேட்டுவிட்டு மாமனார் தோட்டத்தைப் பற்றி ஆரம்பிப்பார். ஆப்பிள் வாங்குகிறவர் விலையைக் கேட்பார், மாவாக இருக்குமா என்று கேட்பார், வாங்கிப் போவார். அந்தப் பழத்துக்கு எங்கள் கடையில் கதை இல்லை. ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி மரியாதையாக மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 11

புதுச்சேரியிலிருந்து ஒருவர், ஆதாம் ஏவாள் சாப்பிட்டது ஆப்பிள் என்று வேதாகமத்தில் இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறார்.

இல்லை. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தோட்டத்தின் நடுவில் இருக்கிற விருட்சத்தின் கனி என்றுதான் இருக்கிறது, பேர் இல்லை. அந்தப் பக்கத்திலேயே பேரோடு வருகிற ஒரே மரம் அத்தி. பழத்தைத் தின்றபின் அத்தியிலைகளைத் தைத்துத்தான் உடுத்திக்கொள்கிறார்கள். அதனால் அது அத்திப்பழம்தான் என்று சொன்னவர்கள் பலர். ரோமாபுரியில் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தாரே, அதில் பாம்பு சுற்றியிருப்பது அத்திமரம். யூத ரபிகள் திராட்சை என்றார்கள், அத்தி என்றார்கள், ஒருவர் கோதுமை என்றே சொன்னார். லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்குப் பேர் வைத்தபோது வாழைக்குச் சொர்க்கத்தைச் சேர்த்துப் பேர் வைத்தார். வாழைதான் ஏதேன் தோட்டத்து மரம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

வடக்கு ஐரோப்பாவின் ஓவியர்கள் கையில்தான் அது ஆப்பிளாக நிலைத்தது. 1504இல் ஆல்பிரெக்ட் டியூரர் செதுக்கிய ஆதாம் ஏவாள் படம் அச்சில் போய் எங்கெங்கோ பரவியது. 1667இல் மில்டன் தன் காவியத்தில் ஆப்பிள் என்றே எழுதிவிட்டார்.

ஜூன் 11, கொஞ்சம் கழித்து

ஏன் ஆப்பிள் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. கொல்லையில் எந்த மரம் நிற்கிறதோ அந்த மரம்தான் கதைக்குள் வரும். ஆப்பிளின் பூர்விகம் கசகஸ்தான் பக்கத்துத் தியான் ஷான் மலைக்காடு. அங்கிருந்து வணிகப் பாதைகள் வழியாக மேற்கே போனது. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பறித்து வைத்தால் பனிக்காலம் முழுக்க இருக்கும் பழம் அது. வேறு பச்சைப் பொருள் எதுவும் கிடைக்காத மாதங்களில் வீட்டில் இருக்கிற ஒரே இனிப்பு என்றால் அதைப் பற்றித்தானே பேசுவார்கள்.

கடலூரில் அது ஏன் காய்க்காது என்பதும் இதே கணக்குதான். பல ஆப்பிள் ரகங்களுக்குப் பனிக்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1000 மணி நேரம் குளிர் வேண்டும், இல்லாவிட்டால் மொட்டு ஒழுங்காக விரியாது. தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் அதற்கு எங்கே போவது.

ஜூன் 12

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் சிவப்பு உருண்டைகளைப் பற்றி யாரோ போகிறபோக்கில் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, ஏதேனோடு நேரடித் தொடர்பு உள்ளது. டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். இடைக்கால ஜெர்மன் பக்கத்தில் அன்று ஏதேன் நாடகம் போடுவார்கள். பனிக்காலத்தில் இலையோடு நிற்கும் மரம் ஊசியிலை மரம்தான், அதில் ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டு ஏதேன் மரம் என்று மேடையில் நிறுத்தினார்கள். அந்த வழக்கம் வீட்டுக்குள் வந்தது. பிரான்சின் கிழக்கே மெய்சந்தால் என்ற கண்ணாடி ஊதும் ஊரில், 1858இல் ஆப்பிள் விளைச்சல் பொய்த்ததால் கண்ணாடியில் ஆப்பிள் ஊதித் தொங்கவிட்டார்கள் என்று கதை சொல்கிறார்கள்.

புதுச்சேரியில் மிஷன் வீதிக் கடைகளில் டிசம்பரில் தொங்கும் பிளாஸ்டிக் உருண்டைகளுக்கு இப்படி ஒரு வம்சாவளி. என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக் குடிலில் ஒவ்வொரு வருஷமும் உருண்டை மாட்டுவேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இன்னும் ஆசையாக மாட்டுகிறேன்.

ஜூன் 14

விஷ ஆப்பிளுக்கு நம்மிடம் ஜோடி இல்லை என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இருக்கிறது. பரீட்சித்து மகாராஜா.

முதலில் அந்தப் பக்கம். கிரிம் சகோதரர்கள் 1812இல் முதலில் அச்சிட்டு, பின் பதிப்புகளில் கொஞ்சம் மாற்றிய ஸ்நோ ஒயிட் கதை. சித்தி செய்துகொண்டு வரும் ஆப்பிளில் ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி சிவப்பு. விஷம் சிவப்பில் மட்டும். பாதியாக வெட்டி, வெள்ளைப் பாதியைத் தான் தின்று காட்டி நம்பவைக்கிறாள். அந்தப் பெண் சிவப்பைக் கடித்து விழுகிறாள். முத்தம் கொடுத்ததும் எழுந்தாள் என்பது 1937இல் டிஸ்னி படம் சொன்னது. கிரிம் கதையின் பின் பதிப்புகளில் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிப்போகிறவர்கள் தடுக்கி, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய துண்டு வெளியே வந்து விழுகிறது.

இனி பரீட்சித்து. ஏழு நாளில் நாகராஜன் தட்சகன் கடித்துச் சாவாய் என்று சாபம். ராஜா ஒற்றைத் தூணில் மண்டபம் கட்டி, காவல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏழாம் நாள் தவசி வேஷத்தில் வந்த நாகங்கள் பழம் கொடுத்துவிட்டுப் போகின்றன. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பழத்தை எடுக்கிறார், உள்ளே சின்னதாக ஒரு புழு. பொழுதுதான் முடிந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று அதை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொள்கிறார். புழு தட்சகனாகிறது.

எங்கள் பாட்டி இதை எலுமிச்சம்பழம் என்று சொல்வாள். சொல்லிவிட்டு எலுமிச்சையை வெட்டும்போது ஒருதரம் உற்றுப் பார்ப்பாள்.

இரண்டிலும் சாவு பழத்துக்குள் ஒளிந்துகொண்டு வாசலைத் தாண்டுகிறது. காவலாளி சோதிக்காத ஒரே பொருள் பழம்தான். தின்னக் கொடுப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

ஜூன் 15

சுருக்கமாக இரண்டு. மேலே மற்றவர்கள் போட்ட இரண்டு பதிவுகள் திருத்தப்பட வேண்டும்.

நியூட்டன் தலையில் ஆப்பிள் விழவில்லை. கொள்ளைநோய்க்காக 1665இல் கேம்பிரிட்ஜை மூடியதால் ஊருக்குப் போயிருந்தார், தோட்டத்தில் ஆப்பிள் விழுவதைப் பார்த்ததில் யோசனை வந்தது என்று வயதான காலத்தில் அவரே சொன்னார். 1726இல், சாகும் முந்தின வருஷம், ஆப்பிள் மர நிழலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னதை வில்லியம் ஸ்டக்லி எழுதி வைத்திருக்கிறார். தலையில் விழுந்தது பின்னால் வந்தவர்களின் கைவேலை.

ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம், கணினித் துறை முன்னோடி ஆலன் டூரிங்குக்கு அஞ்சலி என்பதும் உண்மையில்லை. 1976இல் அவர்களின் முதல் சின்னத்தில் மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருந்தார். மறுவருஷம் ராப் ஜேனாஃப் வரைந்ததுதான் கடித்த ஆப்பிள். செர்ரிப் பழம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே கடித்த தடத்தைப் போட்டதாகவும், டூரிங் கதை தனக்குத் தெரியாது என்றும் அவரே சொல்லிவிட்டார். டூரிங் 1954இல் சயனைடு விஷத்தால் இறந்தபோது கட்டில் பக்கத்தில் பாதி தின்ற ஆப்பிள் இருந்தது உண்மை. அதில் சயனைடு இருந்ததா என்று சோதிக்கவே இல்லை.

ஜூன் 19

நெல்லிக்கு வருகிறேன். இதை முதல் நாளே எழுத நினைத்தேன், நல்லவேளை தள்ளிப்போட்டேன். இடையில் வகுப்பில் ஒன்று நடந்தது.

வடக்கு ஐரோப்பாவின் நார்ஸ் கதைகளில் இதுன் என்ற தெய்வம் ஆப்பிள் காக்கிறாள். அதைத் தின்பதால்தான் தெய்வங்கள் மூப்பில்லாமல் இருக்கின்றன. லோகி அவளை ஏமாற்றிக் காட்டுக்குக் கூட்டிப்போக, கழுகு வேஷத்தில் வந்த தியாசி என்ற அரக்கன் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தெய்வங்களுக்கு நரை விழுகிறது. பிறகு லோகியே பருந்தாகப் பறந்து போய், அவளை ஒரு கொட்டையாக மாற்றி இடுக்கிக்கொண்டு வருகிறான்.

இந்தப் பக்கம் அதியமான். மலைப்பிளவில், ஏறிப் பறிக்க அரிதான இடத்தில் இருந்த நெல்லிக்கனி, தின்றால் நீண்ட ஆயுள். தானே தின்னாமல் ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான். புறநானூறு 91இல் ஔவையே பாடியிருக்கிறார்: 'சாதல் நீங்க எமக்கீத் தனையே'.

ஆயுள் தரும் பழம் என்பதோடு ஒற்றுமை நின்றுவிடுகிறது. இதுனின் ஆப்பிள் தெய்வங்களின் சொத்து. தொலைந்தால் தேடி மீட்க வேண்டும், வேறு யாருக்கும் போய்விடக் கூடாது. அதியமான் கதையில் பழம் கைமாறுவதுதான் கதையே. அதிலும் அந்தப் பாட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம், அதன் பலனைச் சொல்லாமல் மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்று ஔவை சொல்வது. சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். கொடுப்பவன் வாயைத் திறக்காததால்தான் அந்தக் கொடை நடந்தது.

வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண்குழந்தை, "ஏன் மிஸ் ஆளுக்குப் பாதி சாப்பிடல?" என்றது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஞானப்பழத்தைப் பங்கு போடக் கூடாது என்று கதையிலேயே தடை இருக்கிறது. நெல்லிக்கனிக்கு அப்படித் தடை எதுவும் இல்லை. அதியமான் பங்கு போட நினைக்கவே இல்லை. வீரன் நான் எப்படியும் களத்தில் போகிறவன், பாட்டு இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். அது என் ஊகம். பிள்ளையிடம், "அவருக்கு அவங்களை அவ்வளவு பிடிக்கும்" என்றேன். ஒத்துக்கொண்டது.

எனவே முதல் நாள் கட்சியைக் கொஞ்சம் நகர்த்துகிறேன். பழம் வந்து சேர்வது வரைக்கும் கதைகள் ஒன்றுபோல் இருக்கின்றன. பழம் கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும்.

ஜூன் 22

இன்று எழுதப்போவதுதான் இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததிலேயே முக்கியமானது.

ஏதேனுக்கு நம்மிடம் ஜோடி உண்டா என்று கேட்டீர்கள். தொடக் கூடாத மரம், ஆசைப்பட்ட பெண், பறித்த பழம், பிறகு பயம். இத்தனையும் அப்படியே வில்லிபுத்தூரார் பாரதத்தில் இருக்கிறது. ஆரணிய பருவம், பழம்பொருந்து சருக்கம். நம்ம கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோயிலில் பாரதம் படித்தால் வில்லி பாரதம்தான். நான் இதைப் படிப்பதற்கு முன் பிரசங்கத்தில் கேட்டேன், மணலில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில்.

வனவாசத்தில் திரௌபதி ஒரு நெல்லிமரத்தில் கனியைப் பார்க்கிறாள், ஆசைப்படுகிறாள். அர்ச்சுனன் அம்பு விட்டு வீழ்த்திக் கொடுக்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, அது அமித்திர முனிவரின் மரம். அரிதாகப் பழுக்கும் அந்தக் கனிதான் தவம் முடித்து வருகிறவருக்கு உணவு. வந்து பார்த்தால் சாபம் நிச்சயம். கண்ணனை நினைக்கிறார்கள், வருகிறான். வழி ஒன்றுதான், ஒவ்வொருவரும் மனசில் உள்ளதை மறைக்காமல் சொல்லுங்கள், கனி கிளைக்குப் போய்விடும் என்கிறான்.

தருமன் சொல்கிறான், தம்பிகள் சொல்கிறார்கள். சத்தியம் தாய், ஞானம் தந்தை, தருமம் துணை என்று சகாதேவன் சொல்வது அழகு. கடைசியில் திரௌபதி. ஐம்புலன்கள் போல ஐந்து கணவர்கள் இருந்தும் இன்னொருவனும் கணவனாக வேண்டும் என்று என் மனம் உருகுகிறது என்கிறாள். கனி போய்க் கிளையில் பொருந்துகிறது. ஒவ்வொருவர் சொல்லுக்கும் கனி ஒரு முழம் மேலே ஏறும் என்று எங்கள் ஊர்ப் பிரசங்கியார் கையை உயர்த்திக் காட்டுவார். திரௌபதி முறை வரும்போது அவர் குரல் தாழும், கூட்டம் அசையாது.

இப்போது ஏதேனைப் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் பழத்துக்குப் பிறகு ஒரு விசாரணை நடக்கிறது. தேவன் கேட்கிறார். ஆதாம், நீர் எனக்குத் தந்த ஸ்திரீ கொடுத்தாள் என்கிறான். ஏவாள், சர்ப்பம் வஞ்சித்தது என்கிறாள். ஒருவரும் தன் மனசில் இருந்ததைச் சொல்லவில்லை, அடுத்தவரைக் காட்டுகிறார்கள். தோட்டத்து வாசல் அடைபட்டது. காட்டில் இந்த ஆறு பேரும் தன்னைப் பற்றி மட்டும் பேசினார்கள். அர்ச்சுனன் நினைத்திருந்தால், அவள் கேட்டாள், நான் அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழம் திரும்பியது.

எந்த வேதத்தையும் தாழ்த்த இதை எழுதவில்லை. ஏதேன் கதையும் அந்தப் பதிலைப் பாராட்டவில்லையே. தப்பித்துக்கொள்ளும் வாய் எப்படிப் பேசும் என்பதை இரண்டே வசனத்தில் அது காட்டிவிடுகிறது. அதற்காகவே எனக்கு அந்த அதிகாரம் பிடிக்கும்.

ஜூன் 23

இரண்டு பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர், ஐந்து ஆண்களும் தரும நீதி பேச, பெண் வாயில் மட்டும் இப்படி ஒரு சொல்லை வைத்தது பெண்ணை இழிவுபடுத்தத்தானே என்கிறார். இன்னொருவர், இதை எழுதியதே தவறு, அம்மனைப் பற்றிப் பேசுகிறோம் என்கிறார்.

முதல் கேள்வி நியாயமானது. சொன்னவர் ஆண், பதினான்கு பதினைந்தாம் நூற்றாண்டு, அந்தச் சபைக்கு ஒரு பெண்ணின் மனதைப் பற்றிச் சிரிக்க ஆசை இருந்திருக்கும். மறுக்கவில்லை. ஆனால் கதை தன்னைச் சொன்னவரை மீறிப் போய்விட்டது என்பது என் வாசிப்பு. ஐவரும் சொன்னது தங்களுக்குப் பெருமை சேர்க்கிற உண்மை. சொல்ல விலை கொடுக்க வேண்டிய உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் சொல்லாமல் பழம் கிளையைத் தொட்டிருக்காது. மராட்டிய நாட்டார் வழக்கில் இதே கதை நாவல்பழத்தோடு வருகிறது, அங்கே அவள் மனசில் இருப்பவன் கர்ணன் என்று பேரோடு வரும். சொன்னதற்காக அவளை யாரும் விலக்கவில்லை, ஆறு பேரும் சேர்ந்து அடுத்த காட்டுக்கு நடக்கிறார்கள்.

இரண்டாமவருக்கு: அவளுக்குத்தான் நாம் தீ மிதிக்கிறோம். அவள் சன்னதியில், அவள் பிள்ளைகள் முன்னால்தான் இந்தச் சருக்கத்தைப் படிக்கிறார்கள்.

ஜூன் 28

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஒருவர் முந்திரிப்பழத்துக்குக் கதை உண்டா என்று கேட்டார். விடுகதை உண்டு, கொட்டையை வெளியே தொங்கவிடும் பழம் எது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிறத்திலும் பளபளப்பிலும் ஆப்பிளுக்குக் குறைந்ததில்லை. தின்றால் தொண்டை காறும், சட்டையில் பட்டால் கறை போகாது. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம், பண்ருட்டிச் செம்மண்ணில் ஊறிவிட்டது, ஆனாலும் புராணத்துக்குள் நுழையும் வயசு இன்னும் ஆகவில்லை.

பலா அப்படி இல்லை. சித்தி ஊர் பண்ருட்டிப் பக்கம். அங்கே தோப்பில் மரத்துக்கு மரம் பேர் இருந்தது. பெரியாயி மரம், கல்யாண மரம், ஒரு வழக்கில் ஜாமீன் கட்டக் காய் விற்றுக் கொடுத்ததால் ஜாமீன் மரம். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மறுநாள் சித்தப்பா தோப்பில் நின்றுகொண்டு விழுந்த மரங்களைப் பேர் சொல்லிச் சொல்லிக் காட்டினார். முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்தன. பிறகு நட்ட கன்றுகள் இப்போது காய்க்கின்றன. அவற்றுக்கு ஒட்டு ரகத்தின் பேர் இருக்கிறது, சொந்தப் பேர் இன்னும் இல்லை. வைக்கச் சொல்லிச் சித்தி பிள்ளைகளை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 2

ஆப்பிளுக்கு நம்மிடம் கதையே இல்லை என்று ஜூன் 9இல் எழுதியதை வைத்துக்கொண்டு ஒருவர் விடாமல் கேட்கிறார், தலைவர்களுக்குக் கிரேனில் தூக்கிப் போடுகிற ஆப்பிள் மாலை என்னவாம் என்று. அது கதை இல்லை, ஆனால் சடங்காகிக்கொண்டிருக்கிறது. ஊர்வலம் நகர்ந்ததும் மாலையை அறுத்துக்கொண்டு ஓடுகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பெட்டி விலைக்கு வாங்கியது வீதியில் எல்லோர் வீட்டுக்கும் போகிறது. இன்னும் இரண்டு தலைமுறை போனால் அதற்கும் ஒரு கதை முளைக்கும்.

பாடப்புத்தகத்தின் முதல் படத்தில் இருக்கிற அந்தக் கருஞ்சிவப்பு ஆப்பிளுக்கு உண்மையிலேயே கதை இருக்கிறது. ரெட் டெலிசியஸ் என்ற ரகம், அமெரிக்காவில் அயோவா மாகாணத்துத் தோட்டத்தில் தானாக முளைத்த கன்றிலிருந்து வந்தது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்து சிம்லா பக்கத்துக் கோட்கர் என்ற ஊரில் தங்கிவிட்டார். 1916 வாக்கில் அந்தக் கன்றுகளை வரவழைத்து நட்டார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனார், பின்னால் சத்யானந்த் என்று பேரை மாற்றிக்கொண்டார். அப்பா கடைக்கு வந்த சிம்லா ஆப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு மனுஷர் இருந்திருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பார்.

ஜூலை 11

காரைக்கால் போய்விட்டு வந்தேன். ஆனிப் பௌர்ணமி, மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் வர, வீட்டு மாடிகளிலிருந்தும் கூட்டத்துக்குள்ளிருந்தும் மாம்பழங்கள் பறக்கின்றன. என் பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையை விரித்துப் பிடித்திருந்தார், மகளுக்குக் குழந்தை வேண்டுமாம். ஒரு பழம் அவர் தோளில் பட்டு முந்தானைக்குள் உருண்டது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் அழுதேன்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்ததை எழுதுகிறேன், ஜூன் 22இல் நான் சொன்னதை இந்தத் திருவிழாவின் காரைக்கால் அம்மையார் கதை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மையாருக்கு அப்போது பேர் புனிதவதி. கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி சோற்றோடு ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். கணவன் வந்து சாப்பிட்டு, பழம் நன்றாக இருக்கிறது, இன்னொன்றும் வை என்கிறான். உள்ளே போய் இறைவனை வேண்டுகிறாள், கையில் ஒரு பழம் வருகிறது. தின்றவன், இது அந்த ருசி இல்லையே, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். மறைக்காமல் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைகிறது.

உண்மையைச் சொன்னாள். பழமும் திரும்ப வந்தது. கணவன் திரும்பவில்லை. பயந்துபோய்க் கப்பலேறி, பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்கு இவள் பேரையே வைக்கிறான். உறவினர் இவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்போது மனைவி மகளோடு காலில் விழுகிறான். அங்கேதான் அவள் அழகையும் உடம்புச் சதையையும் உதறிப் பேய் வடிவம் கேட்கிறாள். கயிலைக்குக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து போகிறாள். இறைவன் அவளை அம்மையே என்று அழைக்கிறான்.

நெல்லிமரத்தடியில் உண்மை பழத்தைக் கிளையில் சேர்த்தது, ஆறு பேரையும் சேர்த்து வைத்தது. காரைக்கால் வீட்டில் உண்மை ஒரு குடும்பத்தைப் பிரித்தது. கேட்டவனுக்கு அந்தப் பதிலைத் தாங்கும் பலம் இல்லை. கேட்கிறவர் யார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். காட்டில் கேட்டவன் கண்ணன், பதில் எதுவானாலும் அவன் எழுந்து ஓடப்போவதில்லை.

ஜூலை 12

சேத்தியாத்தோப்பு அண்ணனுக்கு: ஆமாம், ஏவாளையும் புனிதவதியையும் பக்கத்தில் வைத்துத்தான் யோசிக்கிறேன். இருவர் கையிலிருந்தும் கணவன் பழம் வாங்கித் தின்றான். இரண்டிலும் தின்ற பிறகுதான் கேள்வி வந்தது. ஒருத்தியை உலகம் இன்னும் குற்றம் சொல்கிறது, இன்னொருத்திக்குத் தேரோட்டம் மாதிரி ஊரே திரண்டு பழம் இறைக்கிறது. அறுபத்து மூவரில் சிலையாக உட்கார்ந்திருப்பவள் அவள் மட்டும்தான் என்று சொல்வார்கள், மற்றவர்கள் நிற்கிறார்கள். கோயிலுக்குப் போனால் அந்த வரிசையைப் பாருங்கள்.

ஜூலை 15

வில்லியம் டெல்லை விட்டுவிட்டேன் என்று நினைவூட்டியவருக்கு நன்றி. அந்தக் கதைக்கு நம்மிடம் ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளை தலையில் பழத்தை வைத்து அடிக்கச் சொல்லும் கதை டென்மார்க்கில் டோக்கோ என்ற வீரன் பேரில் 1200 வாக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது, சுவிஸ் கதைக்கு முன்னால். யாருக்காவது தெற்கே இப்படி ஒன்று கேட்ட ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்றும் எனக்கு வேண்டும். பழம்பொருந்து சருக்கத்தைப் பிரசங்கமாக மட்டும்தான் கேட்டிருக்கிறேன், கூத்தாகப் பார்த்ததில்லை. திண்டிவனம், செஞ்சி, விருத்தாசலம் பக்கம் யாராவது விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருந்தால் எழுதுங்கள். எந்த ஊர், எந்தப் பழத்தைப் பயன்படுத்தினார்கள், கயிறு கட்டி இழுத்தார்களா, கட்டியங்காரன் கையாலேயே தூக்கிக் காட்டினானா, திரௌபதி வேஷக்காரர் தன் முறை வந்தபோது கூட்டத்தைப் பார்த்துப் பேசினாரா, மரத்தைப் பார்த்துப் பேசினாரா. ஆடி பிறக்கப் போகிறது, நிறைய ஊர்களில் கொடியேறும். எங்கே ஆடுகிறார்கள் என்று தெரிந்தாலும் போதும், நானே வந்து பார்க்கிறேன்.